மூன்று பிடி

காலை பத்து மணிவரை காத்திருந்தேன்
கூரைமேல் பனி காயட்டும் என்று.
ஈரத்தில் ஏறுகிறவள் இடுப்பெலும்பை அடகு வைக்கிறாள்
என்பாள் படகுத்துறை ஐலா.
அவள் வைத்தது இன்னும் மீளவில்லை.

மால்கம் தீவில் ஸ்ப்ரூஸ் மரத்தடியில் நிற்கிறது
எங்கள் மோட்டார்ஹோம்.
நிழல் இலவசம் என்று நினைத்திருந்தோம்.
ஒன்பது மாதத்துக்கும் சேர்த்து மரம்
மேலே கணக்கு எழுதி வைத்திருக்கிறது:
பிசின், ஊசியிலை, வரப்பு கட்டிய பாசி.
போதாததற்குக் காகங்கள்
கடற்கரையிலிருந்து சிப்பி தூக்கிவந்து
எங்கள் உச்சியில் போட்டு உடைக்கின்றன.
விருந்து அவற்றுக்கு, சத்தம் எங்களுக்கு.

பதினாறு வருடம்
இந்த வீட்டின் நான்கு சுவரையும் தரையையும் துடைத்தவள் நான்.
ஆறாவது பக்கம் ஊர்ஹோவின் ராஜ்ஜியம்.
போன அக்டோபரில் ஒரு சாயங்காலம்
நான் கூட்டுறவுக் கடைக்குப் போயிருந்தபோது
தனியாக ஏறினான்.
வாளிக்கு முன்பே கீழே வந்துசேர்ந்தான்.
கணுக்காலுக்குள் இப்போது ஒரு தகடு, ஆறு திருகாணி;
மழைச் சேதி வானொலிக்கு முன் அவனுக்கு வரும்.

ஆகவே இன்று ஏணியை அவன் பிடிக்க, நான் ஏறுகிறேன்.
கை சும்மா இருந்தாலும் வாய் இருக்குமா?
"மூன்று பிடி! ரெண்டு கால் ஒரு கை,
இல்லாவிட்டால் ரெண்டு கை ஒரு கால்.
எதையும் தூக்கிக்கொண்டு ஏறாதே,
வாளியைக் கயிற்றில் இழு.
பலகை போட்டு அதன்மேல் முட்டி போடு.
விளிம்புப் பக்கம் போகாதே.
எழுந்து பின்னால் நடக்காதே, திரும்பித் தவழ்."
அறுபத்து நான்கு வயதில் தவழப் பழகுகிறேன்,
விழுந்து தெரிந்துகொண்டவன் சொல்லச் சொல்ல.

மிருதுவான பிரஷ், பாத்திரச் சோப்பு, வெதுவெதுப்பாய் நீர்.
பெட்ரோல் வாடை வீசும் எதுவும் ஆகாது,
கூரையின் ரப்பர் தோல் வீங்கிவிடும்.
தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வழிகிறது.
அது காய்ந்து கோடாவதற்குள் கழுவிவிட
குழாயோடு வண்டியைச் சுற்றி நொண்டுகிறான் ஊர்ஹோ.

சோலார் பலகைக்கும் காற்றுப்போக்கிக்கும் நடுவே
பாசியை விலக்கியபோது தட்டுப்பட்டது:
சிப்பி குத்திய ஒரு கீறல்.
அதன்மேல் சீலன்ட், அதன்மேல் சீலன்ட்,
அதன்மேலும் ஒரு பூச்சு.
ஒவ்வொன்றிலும் அழுத்திய கட்டைவிரல் ரேகை
தபால் முத்திரை மாதிரி.

நேர் கீழே என் தலையணை.
தலையணைக்கு மேலே உட்கூரையில்
நாய்க்காது வடிவில் ஒரு பழுப்புக் கறை.
"உன் கெட்டில் ஆவிதான்" என்று சத்தியம் செய்தான்.
நானும் கெட்டிலைக் கதவோரம் நகர்த்திவிட்டு
மூன்று குளிர்காலம்
குற்றவாளியாய்த் தேநீர் குடித்தேன்.

"ஊர்ஹோ, இதுவரை எத்தனை ட்யூப் வாங்கினாய்?"

குழாய்ச் சத்தம் நின்றது.
காகம் ஒன்று ஏதோ சொன்னது.

திட்டவில்லை.
கூரையில் இருப்பவளுக்குக் கோபம் கட்டுப்படியாகாது.
அந்தச் சாயங்காலம் எதற்கு ஏறினான் என்பதும்
எதற்கு நான் கடைக்குப் போகக் காத்திருந்தான் என்பதும்
முட்டி போட்டபடியே புரிந்தது.
பெயர்ந்த ஓரத்தை ப்ளாஸ்டிக் கத்தியால் எடுத்தேன்.
துடைத்தேன். வெயில் வந்து தொடும்வரை
பலகைமேல் உட்கார்ந்திருந்தேன்.
இங்கிருந்து கடல் தெரிகிறது,
அதையும் என்னிடம் சொல்லவில்லை அவன்.
பிறகு புதிதாய்ப் பூசினேன்.
என் ரேகை பதியவில்லை. கையுறை போட்டிருந்தேன்.

இறங்கும்போது முகம் ஏணியைப் பார்க்க வேண்டும்.
முதுகுக்குப் பின்னால், எங்கோ பாதாளத்தில் அவன் குரல்:
"இன்னும் கீழே. கொஞ்சம் இடப்பக்கம்.
அதுதான். அதுதான் படி."

உள்ளே வந்து கெட்டிலை அடுப்பில் வைத்தேன்,
அதன் பழைய இடத்தில்.
ஆவி எழுந்து கறைவரை போனது.
இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

"ராத்திரி மழை" என்றான்
கணுக்காலைத் தடவிக்கொண்டே.
"வரட்டும்" என்றேன்.
"இன்றைக்குத் தலையணையை
நீ மாற்றிக்கொள்."